வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குகிறான்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. கொஞ்சம் திக்கிப் பேசுவான். வீட்டுப்பாடம் கேட்டு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்ட வாய்ஸ் மெசேஜை வெட்டி, பாட்டோடு ஒட்டி, ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். இப்போது வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிறானாம். பள்ளியில் கேட்டால், "வீட்டுப் போன்ல நடந்ததுக்கு நாங்க என்னங்க பண்றது?" என்கிறார்கள். தறி ஓட்டும் அவன் அப்பா போனைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார். அவனுடைய அப்பாரு, தாத்தாதான், "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழுவானா" என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், பல்லடம்

பதில்: அம்மிணி, அந்த "உள்ளேன் ஐயா" வரியைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. இரண்டே சொல். அதைக்கூடச் சொல்லப் பயப்படுகிறான் பிள்ளை.

போனைப் பிடுங்காதீர்கள். அடிபட்டவனிடமே பிடுங்கினால், அடுத்த முறை உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் பெயர், எண், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்டேட்டஸை வைத்தவர்தான் அழிக்க முடியும். குரூப்பில் கிடக்கிற வாய்ஸ் மெசேஜைக் குரூப் அட்மினும் எல்லோருக்குமாக அழிக்கலாம், நாள் கடந்தால் முடியாமல் போகலாம். அட்மின் யாரென்று பார்த்து, இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பள்ளி. வீட்டுப் போனில்தான் நடந்தது, சரி. சிரிப்பு வகுப்பில்தானே கேட்கிறது? தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம், பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியும் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: உங்கள் மகனைப் பிரேயரில் நிறுத்தக் கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், கேலிக்கு ஆளான பெண்ணை மேடையேற்றி, கேலி செய்தவர்களை அவள் முன்னால் கைகூப்ப வைத்தார்கள். ஒரு வகுப்புக்குத் தெரிந்தது பள்ளி முழுக்கத் தெரிந்தது. திங்கட்கிழமை அவள் வரவில்லை, அம்மாயி ஊருக்குப் போய்விட்டாள். அந்த ஆசிரியர் வரிசையில் நானும்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

வெட்டி ஒட்டியவன் ஒருவன். கேட்டுச் சிரித்து அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் ஒரு வகுப்பு. வகுப்பாசிரியர் பேச வேண்டியது அவர்களிடம், பெயர் எடுக்காமல், தனித்தனியாக. பெற்றோர் கூட்டமும் வேண்டும். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு வருகிற அம்மாவின் போனில்தான் பாதிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் எண்ணில் என்ன ஸ்டேட்டஸ் ஓடுகிறதென்று அவளுக்கே தெரியாது.

இதற்குப் போலீஸ் முதல் படி அல்ல. ஆனால் மிரட்டலோ, ஆபாசமாக ஒட்டிய படமோ வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்: சைபர் கிரைம் 1930, குழந்தைகளுக்கான 1098. அப்படிப்பட்ட படத்தை ஆதாரமென்று யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், அனுப்புவதே குற்றம்.

அப்பாருவிடம் சொல்லுங்கள், பேரன் பேசும்போது சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று. நீங்களும்தான். தோசை கருகினாலும் பரவாயில்லை, அவன் சொல்லி முடிக்கட்டும். வகுப்பாசிரியரிடம் இன்னொன்று கேளுங்கள்: கொஞ்ச நாளைக்கு வருகைப் பதிவுக்கு எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கட்டுமே.