வாங்கும் விலை 12 மாதச் சம்பளம். ஓட்டும் விலை என்ன?

கேள்வி: வயது 38. ஓய்வுக்கால முதலீடு, வீட்டுச் செலவு, பெட்ரோல் எல்லாம் போக, கைக்கு வரும் சம்பளத்தில் மாதம் 22% மிச்சமாகிறது. 6 மாதச் செலவுக்கான அவசர நிதி தனியே இருக்கிறது. அட்வெஞ்சர் டூரிங் பைக் (நெடும்பயணத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற பெரிய பைக்) வாங்குவதற்கென்றே 5 மாதச் சம்பளம் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிய பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ், சாலைக்கு வரும்போது என் 12 மாதச் சம்பளம் ஆகிறது. குறைகிற 7 மாதச் சம்பளத்தை 10% வட்டியில் 5 வருடக் கடனாகத் தருகிறார்கள். 3 வருடமான, 34,000 கி.மீ. ஓடிய ஆர் 1250 ஜிஎஸ் ஒன்று 7 மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கிறது. அதற்குக் கடன் எடுத்தால் 11% வட்டி, 3 வருடம். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுவேன். எதை வாங்கலாம்? பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்தால்தான் முதல் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.

சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் விலை கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மிக நல்ல காரியம். அவற்றை உங்கள் ஒரு மாதச் சம்பளத்தின் சதவீதமாகவே இங்கே சொல்கிறேன். இந்த வண்டியின் செலவுகள் இரண்டு வகை. ஒன்று, ஓட ஓடத் தேய்வது. இன்னொன்று, நிறுத்தி வைத்திருந்தாலும் காலண்டர் பார்த்து வருவது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கும் திடீரென்று பெரிய பில் வந்ததுபோலத் தோன்றுகிறது.

ஓடுவதால் வரும் செலவில் முதலில் டயர். முன்னால் 120/70 ஆர்19, பின்னால் 170/60 ஆர்17. சாலைக்கு ஏற்ற டயர் போட்டால் பின் டயர் 8,000 முதல் 10,000 கி.மீ. வரை தாங்கும். கரடுமுரடான கட்டைகள் கொண்ட ஆஃப்ரோடு டயர் என்றால் 5,000 கி.மீ.க்கே தேய்ந்துவிடும். ஒரு ஜோடிக்கு 22% என்கிறீர்கள். ஜோடியின் ஆயுளை 9,000 கி.மீ. என்று வைத்தால் வருடத்துக்கு 29%. நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவர்களுக்கு நடுப்பகுதி மட்டும் தட்டையாகித் தேயும். பெட்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு காற்றைக் குறைவாக வைத்து ஓட்டினால் டயர் சூடேறி இன்னும் வேகமாகப் போகும். ஆர் 1250 ஜிஎஸ்ஸுக்கு டயர் குளிர்ந்திருக்கும்போது முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. நீண்ட பயணத்துக்கு முன் இதைப் பார்க்க ஆகும் இரண்டு நிமிடம் உங்கள் பட்ஜெட்டிலேயே அதிக லாபம் தரும் வேலை.

அடுத்தது சர்வீஸ். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், இதில் எது முந்துகிறதோ அது. 20% என்று சொல்லியிருக்கிறார்கள்; 12,000 கி.மீ.க்கு 24%. ஒவ்வொரு 20,000 கி.மீ.க்கும் வால்வு கிளியரன்ஸ் (எஞ்சின் வால்வுகளுக்கு விட வேண்டிய நுண்ணிய இடைவெளி) பார்ப்பது, ஏர் ஃபில்டர், பின்சக்கர ஃபைனல் டிரைவ் ஆயில் ஆகியவை சேரும். அதற்குக் கூடுதலாக 15%, அதாவது வருடத்துக்கு 9%. பிரேக் பேடுகளுக்கு 7% போதும். முன் லீவரைப் பிடித்தாலே பின் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இது. அதனால் பின் பேடுகளையும் அவ்வப்போது பாருங்கள். தேய்மானப் பொருள் 1 மி.மீ.யைத் தொட்டும் மாற்றாமல் ஓட்டினால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற நேரும்.

ஓடுவதால் வரும் செலவு ஆகமொத்தம் 69%. அதாவது ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும் உங்கள் மாதச் சம்பளத்தில் 5.75%.

காலண்டர் செலவில் பெரியது இன்ஷூரன்ஸ், 24%. பேட்டரி, பிரேக் திரவம் இரண்டுக்கும் வருடத்துக்கு 5% என்று பிரித்து வைக்கிறேன். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அந்த ஈரம் ஏபிஎஸ் யூனிட்டின் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி) உட்பாகங்களை அரிக்கத் தொடங்கும். திரவம் மிக மலிவு. ஏபிஎஸ் யூனிட் இந்த வண்டியின் விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று. பேட்டரியும் காலண்டர் பார்த்தே கெடும். சாவியில்லா ஸ்டார்ட், அலாரம் போன்றவை வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென உள்ள சார்ஜர்தான் வேண்டும்.

இதோடு விழுவதற்கென்று 10% சேர்க்கிறேன். ஆர் 1250 ஜிஎஸ்ஸின் எடை 249 கிலோ. நின்ற இடத்திலேயே, சரளைக்கல்லில் கால் வழுக்கி, வேகமே இல்லாமல் சாய்வதுதான் இதில் அதிகம் நடக்கும். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் முதல் அடி சிலிண்டரின் மூடியான ஹெட் கவருக்கு. வண்டி சாய்ந்தால் அடியைத் தாங்கும் கம்பிச் சட்டமான கிராஷ் பார் இல்லாமல் முதல் நீண்ட பயணம் போகாதீர்கள். போட்டதும் பெட்டிகள், பார், கூடுதல் விளக்குகள் எல்லாவற்றையும் இன்ஷூரன்ஸ் பாலிசியில் எழுத்துமூலம் சேருங்கள். அறிவிக்காத துணைக்கருவிக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

காலண்டர் பக்கம் மொத்தம் 39%, அதாவது மாதம் 3.25%. இரண்டு பக்கமும் கூட்டினால் வருடத்துக்கு 108%. ஒரு மாதச் சம்பளத்தை விடக் கொஞ்சம் அதிகம், மாதம் 9%. இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில். பெட்ரோலை வீட்டுச் செலவில் ஏற்கெனவே கழித்துவிட்டேன் என்கிறீர்கள். 100 கி.மீ.க்கு 5 லிட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 600 லிட்டர். அந்த அளவுக்குக் கழித்திருக்கிறீர்களா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனி முதல் கேள்வி.

புதிய வண்டிக்கு 7 மாதச் சம்பளக் கடன், 10%, 5 வருடம் என்றால் தவணை மாதச் சம்பளத்தில் 14.9%. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 1.9 மாதச் சம்பளம். தவணையோடு ஓட்டும் செலவு 9% சேர்ந்தால் 23.9%. உங்களிடம் மிஞ்சுவது 22%. அதுவும் சேமிப்பு 5 மாதச் சம்பளத்தையும் முன்பணமாகத் துடைத்துக் கொடுத்த பிறகு. முதல் டயர் மாற்றும்போதே கிரெடிட் கார்டைத் தேட வேண்டிவரும். இந்த வடிவில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். தவணையைக் குறைக்க 7 வருடக் கடன் தருகிறோம் என்பார்கள். உத்தரவாதமெல்லாம் முடிந்து பழுதுகள் தொடங்கும் காலத்திலும் கடன் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய வண்டியைப் பார்ப்போம். இங்கே ஒரு தவறான கணக்கைப் பலர் போடுகிறார்கள்: விலை பாதியானதால் பராமரிப்பும் பாதி என்று. 7 மாதச் சம்பளத்துக்கு வாங்கினாலும் அது 12 மாதச் சம்பள வர்க்கத்து வண்டிதான். அதன் டயரும் பேடும் சர்வீஸ் கூலியும் புதியதற்கு ஆவதே ஆகும். ஆகவே 9% அப்படியே இருக்கிறது. உங்களுக்குக் குறைவது தவணை மட்டுமே.

இன்றைக்கே வாங்கினால், 5 மாதச் சம்பளத்தில் ஒன்றைப் பராமரிப்புக் கணக்கில் போட்டுவிட்டு 4 முன்பணம் கொடுப்பீர்கள். 3 மாதச் சம்பளக் கடனுக்குத் தவணை 9.8%. மொத்தம் 18.8%. நடக்கும், ஆனால் மூச்சு முட்டும். 6 மாதம் பொறுத்து அந்த 22%-ஐ முழுதாகச் சேர்த்தால் இன்னும் 1.3 மாதச் சம்பளம் கிடைக்கும். அப்போது கடன் 1.7 மாதச் சம்பளம்தான், தவணை 5.6%. ஓட்டும் செலவோடு 14.6%. மாதம் 7%-க்கு மேல் கையில் நிற்கும். என் பரிந்துரை இதுவே. நீங்கள் பார்த்து வைத்த வண்டி அதற்குள் விற்றுப்போகலாம். அதே வயதில் வேறொன்று வரும்.

எது வந்தாலும், விலை பேசுமுன் அது எந்த மைல்கல்லுக்கு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். 34,000 கி.மீ. வண்டிக்கு 40,000 சர்வீஸ் ஆறு மாதத்தில் வந்துவிடும். அது வால்வு பார்க்கும் பெரிய சர்வீஸ். ஆர் 1250 ஜிஎஸ்ஸில் பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுசெல்லும் ஷாஃப்ட்டை 60,000 கி.மீ.யில் மாற்றச் சொல்கிறது உற்பத்தியாளரின் அட்டவணை. பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்முக்குள் தண்ணீர் புகுந்தால் ஷாஃப்ட்டின் மூட்டுகள் துருப்பிடிக்கும் என்பதால் இடையிலும் சோதிக்க வேண்டும். உங்கள் வேகத்தில் 60,000 வர 26 மாதம். அந்தச் செலவு யாருடையது என்பதை சர்வீஸ் மையத்திடம், வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, எழுத்துமூலம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

பின்பக்க ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இது. ஒழுகினால் பெரும்பாலும் முழு யூனிட்டையும் மாற்றத்தான் சொல்வார்கள். கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பேனரால் தட்டுங்கள். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ரிம்மின் விளிம்பில் நெளிவு இருந்தால் டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல இறங்கும். டயர் அழுத்த சென்சாரின் பேட்டரி சில வருடங்களில் தீரும். டயர் மாற்றும்போதே சென்சாரையும் மாற்றினால் கூலி ஒருமுறைதான். உத்தரவாதம் எப்போது முடிகிறது, நீட்டிக்க முடியுமா, நீட்டித்தால் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதும் விலையில் பேச வேண்டிய விஷயங்கள்.

வேறு பைக்குகளையும் யோசித்தால், சர்வீஸ் இடைவெளியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டுகாட்டி மல்டிஸ்டிராடா வி4-இல் வால்வு பார்ப்பது 60,000 கி.மீ.க்கு ஒருமுறைதான். ஆனால் அதில் 16 வால்வுகள். அவற்றை எட்டவே ஏராளமாகக் கழற்ற வேண்டும், கூலி ஏறும். ஜிஎஸ்ஸின் சிலிண்டர்கள் வெளியே இருப்பதால், விழும்போது பாதகமாகும் அதே அமைப்பு, வால்வு பார்க்கும்போது சாதகமாகிறது. ஹோண்டா ஆப்பிரிக்கா டிவின் 1100-இல் வால்வு 24,000 கி.மீ.க்கு, செயின் வண்டி என்பதால் 20,000 கி.மீ. வாக்கில் செயினையும் அது ஓடும் இரண்டு பற்சக்கரங்களையும் (ஸ்பிராக்கெட்) சேர்த்தே மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

வாங்கிய நாளிலேயே தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, ஒதுக்கிய அந்த 1 மாதச் சம்பளத்தை அதில் போடுங்கள். கிராஷ் பாரும் அதிலிருந்தே. இன்ஷூரன்ஸில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை இந்தக் கணக்கின் இருப்பைத் தாண்டாதபடி தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஓடோமீட்டரைப் பாருங்கள். 3.25% கட்டாயம், அதோடு ஓடிய ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும் 5.75%. 3,000 கி.மீ. பயணம் போன மாதத்தில் 20.5% போட வேண்டும், வண்டி நின்ற மாதத்தில் 3.25% போதும். பயணம் திட்டமிடும்போதே பெட்ரோல், தங்குமிடத்தோடு இந்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வருட பில்கள் எல்லாம் வந்த பிறகு 5.75-ஐ உங்கள் உண்மையான டயர் ஆயுளை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.