அதிக மழைக்கு 45 சதவீத வாய்ப்பாம்: நம்பிக் கன்று நடலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீடும் தோட்டமும் கடலோரத்தில். இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. வருகிற இலையுதிர்காலத்தில் இயல்பைவிட அதிக மழைக்கு 45 சதவீத வாய்ப்பு என்று பருவகால முன்கணிப்பில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி 60 மரக்கன்றுக்குச் சொல்லி வைக்கலாமா? மழைதான் வரப்போகிறதே என்று மோட்டாரைக் கொஞ்சம் தாராளமாகப் போடலாமா?"

கன்றுக்குச் சொல்லி வையுங்கள், ஆனால் நடும் தேதியை இப்போதே குறித்துவிடாதீர்கள். மோட்டார் விஷயத்தில் வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 45. ஒரு வட்டாரத்தின் 30 வருட மழைக் கணக்கை (இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரை) எடுத்து, குறைவாகப் பெய்த 10 வருடம், நடுத்தரமான 10, அதிகமான 10 என்று மூன்று கட்டாகப் பிரிப்பார்கள். வானிலையாளருக்கு ஒன்றுமே தெரியாத நிலையில் ஒவ்வொரு கட்டுக்கும் 33 சதவீதம். ஆக, உங்களுக்குக் கிடைத்திருப்பது 33க்கு மேலே ஒரு 12. "45 சதவீதம் கூடுதலாக மழை பெய்யும்" என்று இதைப் படிப்பவர்கள் ஏராளம். எவ்வளவு பெய்யும் என்று அந்த எண் சொல்லவே இல்லை. அதே பக்கத்தில் "இயல்பைவிடக் குறைவு" என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கள். அதில் 22 என்று இருந்தால், இதே மாதிரியான முன்கணிப்பு வந்த ஐந்து பருவங்களில் ஒன்றாவது மறுபடி பொய்க்கும் என்று பொருள். ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் இடத்துக்கு அந்த ஒன்றுதான் முக்கியம்.

இந்த எண்கள் பெரும்பாலும் கடலின் சூட்டிலிருந்து பிறக்கின்றன. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிட அரை டிகிரி செல்சியஸ் சூடாகி, அது மாதக்கணக்கில் நீடித்தால் எல் நினோ. அதே அளவு குளிர்ந்தால் லா நினா. வட அரைக்கோளத்தின் வசந்த காலத்தில் இதைக் கணிப்பது தடுமாற்றமான வேலை. ஆகஸ்ட், செப்டம்பரில் படம் தெளிந்துவிடும். ஆகவே ஏப்ரலில் வந்த முன்கணிப்பு கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் பாருங்கள்.

ஆனால் கடல் சொல்வதை எல்லாக் கரையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை கிட்டத்தட்டச் சொன்னபடி கேட்கும். 2019இல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி சூடேறியபோது அங்கே வெள்ளம். 2020இல் லா நினா தொடங்கியதும் அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் அதே மழைக்காலம் பொய்த்தது. கலிபோர்னியா வேறு ரகம். 2015-16இல் மிக வலுவான எல் நினோ. தெற்குக் கலிபோர்னியாவில் வறட்சி தீர்ந்தது என்று காத்திருந்தார்கள், பெய்தது இயல்புக்கும் கீழே. 2022-23இல் லா நினா, வறட்சி நீளும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒன்பது வளிமண்டல ஆறுகள் (கடலிலிருந்து ஈரத்தை அள்ளிவரும் நீண்ட காற்றுப்பட்டைகள்) வரிசையாக வந்து கொட்டித் தீர்த்தன. உங்கள் கரை எந்த ரகம் என்பதற்கு, பழைய முன்கணிப்புகள் எத்தனை முறை பலித்தன என்ற வரைபடத்தைப் பல வானிலை மையங்கள் வெளியிடுகின்றன. பலன் குறைந்த நிறத்தில் உங்கள் பகுதி இருந்தால் அந்த 45ஐ 33 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வறண்ட கடலோரங்கள் பலவற்றில் ஒரு பருவத்தின் மழையில் பெரும்பகுதி சில நாட்களிலேயே வந்துவிடும். அந்த நாட்களில் ஒரு புயல் கொஞ்சம் விலகிப்போனால் மழை கடலுக்குள் விழும். எந்தப் பருவகால முன்கணிப்பாலும் இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏழு நாள் முன்னறிவிப்புதான் சொல்லும், அதிலும் முதல் மூன்று நாளைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

சரி, கிணற்றுக்கு வருவோம். கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. இரண்டுக்கும் அடர்த்தி வித்தியாசம் வெறும் இரண்டரை சதவீதம். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்பு எட்டாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதைத் தலைகீழாகப் பாருங்கள்: மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பின் எல்லை 20 மீட்டர் ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, காலம் எடுக்கும், ஆனால் ஏறும். மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினால் கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பு மாதிரி எழுந்துவரும். நூறு பங்கில் மூன்று பங்கு கடல் நீர் கலந்தால் போதும், லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் உப்பு சேர்ந்துவிடும். நாக்கில் உப்புக் கரிக்கும். ஒரு தடவை உப்பேறிய கிணறு ஒரே மழைக்காலத்தில் தெளிந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று, மழை வந்த மறுநாளே கிணறு ஏறாது. முதலில் மேல்மண் குடிக்கும், அப்புறம் வேர்கள், எஞ்சியதுதான் கீழே போகும். வறட்சியில் கடைசியாகத் தேறுவது நிலத்தடி நீர். ஆகவே மழை தொடங்கிய பிறகும் பல வாரங்களுக்கு மோட்டாரைச் சிறிது நேரம் ஓட்டி, நீர் ஊற விட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் சிறு கருவி) வாங்கி வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள்.

மோட்டாரைக் குறைப்பதால் வரும் தட்டுப்பாட்டைக் கூரை ஓரளவு ஈடுகட்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர்; சிந்தியது போக 800 கைக்கு வரும். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் காற்று கொண்டுவந்த உப்பும் இறங்கும் என்பதால் அதை வெளியே விட்டுவிடுங்கள். குழாய்களை இப்போதே சுத்தம் செய்யுங்கள், வடிகாலையும் சேர்த்துத்தான். வறண்ட பகுதியில் வெள்ளம் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

கன்றுகள். முதல் மழையில் நட்டுவிட வேண்டும் என்று கை துடிக்கும். நெடுநாள் காய்ந்த மணல் மெழுகு பூசியது போலத் தண்ணீரை உருட்டிவிடும். மேலே நனைந்து அரை அடிக்குக் கீழே புழுதியாகவே இருக்கும். ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஓர் அடிக்குச் சிரமமில்லாமல் இறங்கி, நுனியில் ஈர மண் ஒட்டி வந்தால் குழி எடுக்கலாம். அடுத்த ஏழு நாளில் இன்னொரு மழை தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 20 கன்று போதும். சருகு மூடாக்கு கட்டாயம். நிழலும் கொடுங்கள், ஏனென்றால் பருவகால முன்கணிப்பில் மழையைவிட வெப்பம்தான் அதிகம் பலிக்கும். வெப்பம் இயல்பைத் தாண்டும் என்று போட்டிருந்தால், மழை இயல்பாகப் பெய்தாலும் மண் சீக்கிரம் காயும். சில கரைகளில் இலையுதிர்காலத்தில்தான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று வீசும். உங்கள் பக்கம் அப்படி இருந்தால் காற்றுத் தடுப்பு இல்லாமல் நடாதீர்கள்.

மீதி 40 கன்றை நாற்றங்காலிலேயே விட்டு வையுங்கள். அடுத்த மாத முன்கணிப்பு வரும்போது "குறைவு" கட்டத்தைப் பாருங்கள். அதிலுள்ள எண் முன்பைவிட இறங்கியிருந்தால் எடுத்து வரலாம், 30ஐத் தொட்டிருந்தால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவிடுங்கள்.