காமிக்ஸில் சிரிப்பை வரைவது எப்படி? ஒரு கார்ட்டூனிஸ்ட்டின் பதில்

படக்கதை வரையப் பழகி வருவதாகவும், பாத்திரங்களின் முகபாவங்கள் நன்றாக அமைந்தும் படிப்பவர் யாரும் சிரிப்பதில்லை என்றும் எழுதி, எங்கே தவறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பல காலமாகப் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, தோள், முதுகு, கை, நிற்கும் நிலை ஆகியவற்றைக் கவனியுங்கள். விழி பிதுங்க, வாய் பிளக்க வரைந்த முகம், சிரிக்க வேண்டிய இடம் இதுதான் என்று வாசகருக்கு உத்தரவு போடுகிறது. உத்தரவுக்கு யாரும் சிரிப்பதில்லை.

இதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு நகைச்சுவைக் கதைகூட இல்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அதன் முதல் நாயகனாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய அந்தத் தொடரின் ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஓவியரின் கோணத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள்: கதாநாயகனுக்கு முகம் கிடையாது, கண் கிடையாது, கையில் இருப்பது ஐந்து விரல்கள் மட்டுமே. மணிக்கட்டு சாய்ந்திருக்கும் விதத்தையும் விரல்கள் விரிந்தோ மடங்கியோ இருக்கும் விதத்தையும் கொண்டே அவன் பதுங்குகிறானா, பாய்கிறானா, தயங்குகிறானா என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. மறைந்துபோன உடம்பை வாசகர் தாமே வரைந்து முடித்துக்கொள்கிறார். பழைய இதழ் ஒன்று கிடைத்தால், கதையை விட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் பார்த்துப் பார்த்து வரையுங்கள்.

நகைச்சுவைக்கு வந்தால், நம் திருநெல்வேலியைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று, நெல்லையப்பர் தேரின் வடத்தைப் பிடித்திருக்கும் வரிசையைப் பாருங்கள். உண்மையாகவே இழுக்கிறவரின் உடம்பு குதிகாலிலிருந்து கழுத்து வரை ஒரே சாய்கோடாக இருக்கும், தலை குனிந்திருக்கும், விரல்கள் வடத்துக்குள் புதைந்திருக்கும். அவருக்கு அடுத்தவர் வடத்தின்மேல் உள்ளங்கையை வைத்திருப்பார், அவ்வளவுதான். முதுகு நேராக நிற்கும், கழுத்து மாடியில் நிற்பவர்களை நோக்கித் திரும்பியிருக்கும். இருவருக்கும் சற்றுத் தள்ளி, வடத்தைத் தொடவே தொடாத ஒருவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "இழுங்கவே, இழுங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். இந்த மூவரையும் பின்பக்கமாக, முகமே தெரியாதபடி வரைந்தாலும் சிரிப்பு வரும், ஏனென்றால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்த மூவரும் இருக்கிறார்கள். கேலிச்சித்திரக்காரன் செய்ய வேண்டியது அந்தச் சாய்கோட்டை இன்னும் கொஞ்சம் சாய்ப்பதும், அந்த நேர்முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்துவதும்தான்.

உடம்புக்கு அடுத்தபடியாக முக்கியமானது, இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடைவெளி. ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் ஒருவர் சுடச்சுட அல்வாவை இலையில் வாங்குகிறார். இரண்டாம் கட்டத்தில், தெருக்கோடியில் கையை உயர்த்தியபடி அவருடைய நண்பர் வருகிறார். அல்வா வாங்கியவரின் தோள் மட்டும் லேசாகத் திரும்புகிறது. மூன்றாம் கட்டத்தில் நண்பர் அருகில் வந்து, "என்னவே, சௌக்கியமா?" என்று கேட்கிறார், இவர் கன்னம் உப்பியிருக்க, பேச முடியாமல் தலையை ஆட்டுகிறார், கையில் வெறும் இலை. புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, அவர் அவசரமாக விழுங்குவதை ஒரு தனிக் கட்டமாக வரைந்து விளக்குவார்கள். அந்தக் கட்டம் வந்தால் கதை செத்துவிடும். விழுங்கியதைக் கண்டுபிடிக்கும் வேலையை வாசகருக்கு விட்டுவைக்க வேண்டும்; அவர் சிரிப்பது அந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான்.

பேச்சு பலூன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல படங்கள் பல கெட்டுப்போவது அங்கேதான். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே 'து', 'கு' போன்றவற்றின் வால்களும் உண்டு. வரிகளை நெருக்கி எழுதினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் மோதி, படிக்கிறவர் தடுமாறுவார். தடுமாறிப் படித்த நகைச்சுவை அதன் நேரத்தைத் தவறவிடும். ஆகவே முதலில் வசனத்தைத் தாராளமான வரி இடைவெளியுடன் எழுதுங்கள், அதைச் சுற்றிப் பலூனைப் போடுங்கள், மிச்சமிருக்கும் இடத்தில் ஆளை நிறுத்துங்கள். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்பது நல்லது. இல்லாவிட்டால் பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். திருநெல்வேலிக்காரரை வரைந்தால் அவரை நம் வழக்கிலேயே பேச விடுங்கள். "வாங்க அண்ணாச்சி" என்று ஒரு பாத்திரம் சொன்னாலே இருவருக்கும் உள்ள உறவு தெரிந்துவிடும். அதை விளக்கத் தனி வசனம் தேவைப்படாது.

தூரிகை, நிப், டிஜிட்டல் பேனா ஆகியவற்றில் எது சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. கைக்குப் பழகியது எதுவோ அதுவே போதும். நேரில் பார்த்து வரையும் பழக்கம்தான் முக்கியம். விகடனில் வரைந்த மாலி, கச்சேரி மேடைகளில் வித்வான்களின் கையசைவையும் உட்காரும் விதத்தையும் சில கோடுகளில் பிடித்தவர். பாடகரின் குரலையே கேட்காதவருக்கும் அந்தச் சித்திரங்களில் சங்கீதம் தெரியும். நீங்கள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்துடன் ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் உட்காருங்கள். கைப்பையைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறவர், பேருந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர், சில்லறைக்காக நடத்துநரையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர் என்று ஆள் மாற்றி ஆள் வருவார்கள். அவர்கள் அசைந்துவிடுவார்கள் என்பதால் முகம் வரைய நேரமே இருக்காது. உங்களுக்கு வேண்டிய பயிற்சியும் அதுவே.

அடுத்த படக்கதையைப் பென்சிலில் போடும்போது எல்லா முகங்களையும் வெறும் வட்டமாக விட்டு, வசனத்தையும் எழுதாமல், வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். யார் கோபமாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார் என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கண்ணையும் வாயையும் போட்டு மை தீட்டலாம். அவரால் சொல்ல முடியாவிட்டால் ரப்பரை எடுத்துத் தோள்களிலிருந்து தொடங்குங்கள்.