மீன் போடும் வரை அதுவும் காரக்குழம்புதான்

கேள்வி: நானும் என் அத்தையும் (கணவரின் அம்மா) சைவம். கணவருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் வாரத்தில் மூன்று நாளாவது கறியோ மீனோ வேண்டும். வேலை முடிந்து நான் வீடு வர ஏழு மணி ஆகிவிடுகிறது. அப்புறம் இரண்டு குழம்பு, இரண்டு தொடுகறி என்று நின்றால் ஒன்பதரை ஆகிறது. கடைசியில் அவர்களுக்குக் கறிக்குழம்பு, எங்கள் இருவருக்கும் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் என்று முடிந்துபோகிறது. போதாததற்கு "கரண்டி மாறிடலையே கண்ணு?" என்று அத்தை தினமும் கேட்கிறார். ஒரே சமையலில் இரண்டு பக்கமும் ருசியாகச் சாப்பிட வழி உண்டா? அடுத்த மாதம் நாத்தனார் குடும்பம் வேறு வருகிறது. மொத்தம் பத்துப் பேர், அதில் நான்கு பேர் சைவம்.
– ஒரு வாசகி, ஈரோடு

உங்கள் கடிதத்தில் அந்த உருளைக்கிழங்கு வறுவல்தான் என்னை மிகவும் உறுத்தியது. சமைக்கிறவர் நீங்கள். ஆனால் உங்கள் தட்டுக்கு முறை வரும்போது உடம்பில் தெம்பும் இல்லை, மனதில் யோசனையும் இல்லை. சமையல் வகுப்புக்கு வரும் பெண்களிடம் நான் அடிக்கடி கேட்கிற கதை இது. கறிக்கு ஒன்றரை மணி நேரம், சைவத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம். நேரத்தைக் குறைக்கிற வழியே சைவத் தட்டையும் கவனிக்கிற வழியாக இருக்க வேண்டும்.

வழி இதுதான். குழம்பை முழுக்கச் சைவமாகவே ஆரம்பியுங்கள். மசாலா கொதித்து, பச்சை வாசனை போய், எண்ணெய் மேலே மிதந்து வந்த பிறகு இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். அசைவம் அதற்குப் பிறகுதான் குழம்பைத் தொட வேண்டும்.

மீன் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி குழைந்து, புளியும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்த்துக் கொதிக்க விடுகிறோம். மீன் எப்போது விழுகிறது? கடைசி எட்டு நிமிடத்தில். அதற்கு முன்பே போட்டால் உடைந்துவிடும் என்பதால் எந்த வீட்டிலும் அப்படித்தான். ஆக, மீன் போடும் வரை அதுவும் காரக்குழம்புதான். ஐந்து பேருக்கு இரண்டு எலுமிச்சை அளவு புளி கரைத்துக் குழம்பு வையுங்கள். நன்றாகக் கொதித்ததும் உங்களுக்கும் அத்தைக்கும் வேண்டியதைத் தனிச் சட்டியில் எடுத்துவிடுங்கள். அதில் நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயும் முருங்கைக்காயும் விழட்டும். மீதியில் மீன். மீன் வறுவலுக்குப் பிசைகிற மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு விழுதிலும் மீனைத் தொடுவதற்கு முன்பே இரண்டு கரண்டி எடுத்து, வட்டமாக நறுக்கிய வாழைக்காயில் தடவி வையுங்கள். வேறு தோசைக்கல்லில் வறுத்தால், அன்றைக்கு உங்கள் தட்டில் குழம்பும் இருக்கும், வறுவலும் இருக்கும். கூடுதல் நேரம் பத்து நிமிடம்கூட ஆகாது.

கோழிக் குழம்புக்கும் இதே கணக்குதான், ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். மல்லி நான்கு டேபிள்ஸ்பூன், வரமிளகாய் எட்டு, மிளகு ஒரு டேபிள்ஸ்பூன், சீரகம் ஒரு டேபிள்ஸ்பூன் வறுத்து அரைத்தால் ஐந்து பேருக்கான குழம்புக்குச் சரியாக இருக்கும். காரம் குறைவாகப் பழகிய வீடென்றால் மிளகாயை ஐந்தாக்குங்கள். இதில் பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசி எதையும் நான் சேர்க்கவில்லை பாருங்கள். கறியை விட்டு வருடங்கள் ஆன பெரியவர்கள் பலருக்குப் பட்டையும் சோம்பும் வதங்கும் வாசனையே கறி வாசனையாகத்தான் தெரியும். குழம்பில் கறி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வாயில் வைக்கத் தயங்குவார்கள். அத்தையிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவருக்குப் பரவாயில்லை என்றால் எல்லாவற்றையும் சேர்த்தே அரைக்கலாம். பிடிக்காது என்றால், பொது மசாலாவை மல்லி, மிளகு, சீரகத்தோடு நிறுத்திக்கொண்டு, குழம்பைப் பிரித்த பிறகு பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசியைத் தனியாக ஒரு கரண்டி எண்ணெயில் பொரித்துக் கோழிப் பாதியில் ஊற்றுங்கள். இந்த வாசனைகள் எண்ணெயில் நன்றாக இறங்கும் என்பதால், கடைசியில் தாளித்தாலும் குழம்பு மணக்கும். சைவப் பாதிக்கு நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். ஒரே மசாலா இரண்டு குழம்பாக மாறுவது இந்தத் தாளிப்பில்தான்.

கோழியை நேராகக் கொதிக்கிற பாதியில் போட்டு மூடினால் 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். இது பிராய்லருக்குச் சொன்னது. நாட்டுக்கோழி என்றால் முன்கூட்டியே குக்கரில் வேக வைக்க வேண்டும்.

ஆட்டுக்கறி இந்தக் கணக்குக்குள் வராது. அதன் தசைநார் இளகுவதற்கு நீண்ட நேரம் சூடு வேண்டும், பத்து இருபது நிமிடக் கொதியில் அது நடக்காது. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால்தான் அங்கே சீக்கிரம் வேகிறது. ஆகவே மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் பொது மசாலா சேர்த்துக் கறியைக் குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு எடுங்கள். அது வேகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் பொதுக் குழம்பு தயாராகிவிடும். பிரித்த பிறகு, கறியையும் அது வெந்த தண்ணீரையும் அசைவப் பாதியில் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் சாறு கறிக்குள் இறங்கிவிடும். பருப்புக்கும் கறிக்கும் ஒரே குக்கர்தான் என்றால், கேஸ்கட்டாவது இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கழுவினாலும் ரப்பரில் கறி வாசனை தங்கிவிடும்.

இனி சைவப் பாதிக்கு என்ன போடுவது? எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கறிக்குழம்பு ஏன் நிறைவாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொழுப்பு இருக்கிறது, மென்று தின்ன ஏதோ இருக்கிறது, அடிநாக்கில் நிற்கிற ஒரு சுவை இருக்கிறது. உருளைக்கிழங்கில் இந்த மூன்றும் குறைவு. மொச்சையும் கறுப்புக் கொண்டைக்கடலையும் மென்று தின்ன நன்றாக இருக்கும், பசியும் தாங்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஊறப் போட்டுவிட்டுப் போனால், மாலைக்குள் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஊறியிருக்கும். குக்கரில் நான்கைந்து விசில் போதும். கோடையில் பலாமூசு (பிஞ்சுப் பலாக்காய்) கிடைத்தால் விடாதீர்கள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி நறுக்கி, வேக வைத்துக் குழம்பில் போட்டால் நார்நாராகப் பிரிந்து மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். சேனைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் அரை வேக்காடு வேக வைத்து, எண்ணெயில் சிவக்க வறுத்த பிறகு குழம்பில் சேருங்கள், நாக்கு அரிக்காது. அடிநாக்குச் சுவைக்குக் காளான், நன்றாகச் சுண்ட வதக்கிய தக்காளி, நிறம் மாற வதங்கிய சின்ன வெங்காயம். கொழுப்புக்கு அரை மூடித் தேங்காயை வறுத்து அரைத்து விடுங்கள், அல்லது மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய்.

சத்தும் பார்க்க வேண்டும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கறியிலேயே புரதம் வந்துவிடுகிறது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம், அதே அளவு காய்ந்த சோயா உருண்டைகளில் சுமார் 50 கிராம். வயதான அத்தைக்கு ரசமும் கிழங்கும் மட்டும் வாரத்தில் மூன்று நாள் என்பது போதாது. சோயா வாசனை பிடிக்கவில்லை என்றால், கொதிநீரில் போட்டு இரண்டு முறை பிழிந்து, கொஞ்சம் தயிரில் புரட்டி வைத்துவிட்டுச் சமையுங்கள்.

வேலை நாளில் குழம்பே வேண்டாம் என்று தோன்றினால், உங்கள் ஊர்ப்பக்கமே ஓர் அருமையான வழி இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனுக்கு மசாலாத்தூள் எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், விதை நீக்கிக் கிள்ளிய வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். 300 கிராம் சின்ன வெங்காயத்தை உரிப்பதுதான் பெரிய வேலை, அதை முந்தின இரவே பிள்ளைகளை வைத்துச் செய்துவிடலாம். ஒரே வாணலியில் உப்பைத் தவிர எல்லாவற்றையும் வதக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் சிறு துண்டாக வெட்டிய கோழியும் உப்பும், தண்ணீர் ஊற்றாமல் மூடி, கோழி விடுகிற தண்ணீரிலேயே 20 நிமிடம். இன்னொன்றில் காளான். இதை மூடவே கூடாது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், மூடினால் வறுவல் கூட்டாகிவிடும். தீயைக் கூட்டி எட்டு நிமிடம் பிரட்டி, உப்பைக் கடைசியில் போடுங்கள். கூட அரிசியும் பருப்பும் சாதம் ஒரு குக்கரில் ஏறிவிட்டால் எட்டு மணிக்குள் எல்லோரும் உட்கார்ந்துவிடலாம். சாதம் எல்லோருக்கும் பொது, தொடுகறி மட்டும் இரண்டு. இது நம் வீடுகளில் பழைய வழக்கம்தான்.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அசைவத்தை விட்டவருக்கு அது உடம்போடும் மனதோடும் சேர்ந்த விஷயம். வாய்ச்சொல்லைவிடக் கண்ணுக்குத் தெரிகிற ஏற்பாடு அவருக்கு நிம்மதி தரும். சைவத்துக்கு என்று இரண்டு சட்டி, இரண்டு கரண்டி, ஒரு தாளிப்புக் கரண்டி ஒதுக்கி, கைப்பிடியில் சிவப்பு நூலோ பெயின்ட்டோ அடையாளம் வையுங்கள். அவை தனித் தட்டில் இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் நாரும் வேறாக இருக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காய்கறி எல்லாம் நறுக்கி முடித்த பிறகே கறியை வெளியே எடுங்கள். கறிக்கு வேறு பலகை, வேறு கத்தி. கோழியை வேகமாக விழும் குழாய்த் தண்ணீரில் கழுவினால் கிருமியோடு தண்ணீர் நாலாபுறமும் தெறிக்கும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் பச்சைக் கறி எப்போதும் மூடிய டப்பாவில், கீழ்த்தட்டில். மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் ஒரு குழப்பம் வரும். சிக்கன் மசாலா, மட்டன் மசாலா என்று பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பொதுவாக மிளகாயும் மல்லியும் பட்டையும்தான். சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம், பழைய பாக்கெட்டில் பழுப்பு வட்டமாக இருக்கும். பெயரைவிட அந்தக் குறியை நம்புங்கள். பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ் செய்யும்போது ஆய்ஸ்டர் சாஸ், ஃபிஷ் சாஸ் பாட்டில்களைச் சைவப் பக்கம் கொண்டுவராதீர்கள். வூஸ்டர் சாஸிலும் பெரும்பாலும் நெத்திலி போன்ற மீன் இருக்கும்.

நாத்தனார் குடும்பம் வருகிற அன்றைக்கு குஸ்கா செய்யுங்கள். கடை குஸ்கா பல இடங்களில் பிரியாணி அண்டாவிலிருந்தே துண்டு இல்லாமல் அள்ளுவது, அதனால் சைவர்களுக்கு ஆகாது. வீட்டில் செய்வது வேறு. பத்துப் பேருக்கு ஒரு கிலோ சீரகச் சம்பா. 20 நிமிடம் ஊற வைத்து, ஒரு கப் அரிசிக்கு ஒன்றே முக்கால் கப் கணக்கில் தேங்காய்ப்பாலும் தண்ணீரும் பாதிப் பாதி. வெங்காயம், புதினா, மல்லித்தழை, பச்சை மிளகாய், கொஞ்சம் தயிர். பட்டை, கிராம்பு பற்றி அத்தையிடம் கேட்டது இங்கேயும் பொருந்தும். கூட ஒன்றே கால் கிலோ கோழியில் மிளகு வறுவல், 600 கிராம் காலிஃபிளவரும் 200 கிராம் பன்னீரும் சேர்த்து அதே மிளகு மசாலாவில் சைவ வறுவல். அசைவம் சாப்பிடுகிறவர்களும் இதில் கை வைப்பார்கள், அதனால்தான் நான்கு பேர் கணக்குக்கு மேல் சொன்னேன். மசாலாவை முந்தின நாளே வறுத்துப் பொடித்து வைத்துவிடலாம். தேங்காய் அரைப்பது மட்டும் அன்றன்றைக்கு, அது சீக்கிரம் கெட்டுவிடும்.

பரிமாறும்போது சைவத்தை முதலில் வையுங்கள், அதற்கென்று ஒதுக்கிய கரண்டியோடு. சைவக்காரர்கள் போட்டுக்கொண்ட பிறகு கோழி மேசைக்கு வரட்டும். மிச்சமானதைத் தனித்தனி டப்பாவில் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், சைவ டப்பா மேல்தட்டில்.