கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் ஆரம்பகாலத்தில் வீரராக இருந்து பயிற்சியாளரானவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

யோசிக்காமல் சொல்வேன்: ஃபிரிட்ஸ் பொல்லார்ட். (நம் ஊர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.)

1894இல் சிகாகோவில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். இயற்பெயர் ஃபிரெடரிக் டக்ளஸ் பொல்லார்ட். அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள் ஃபிரிட்ஸ் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஆள் ஒன்றும் பெரிய உருவம் இல்லை, 5 அடி 9 அங்குலம், 75 கிலோ. பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1916 புத்தாண்டு அன்று, கல்லூரி அணிகள் மோதும் ரோஸ் பௌல் போட்டியில் இறங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அந்த ஆட்டம் 14-0 என்று தோல்வி. ஆனால் அதே ஆண்டின் அடுத்த சீசனில் யேல், ஹார்வர்ட் இரண்டையும் பிரவுன் தோற்கடித்தது. இரண்டிலும் இவர்தான் நாயகன்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது ஒரு சின்ன விஷயத்தால். எதிரணியினர் அவரைக் கீழே தள்ளியதோடு விடமாட்டார்கள், விசில் ஊதிய பிறகும் மேலே வந்து விழுவார்கள். அதனால் விழுந்த வேகத்தில் மல்லாந்து புரண்டு, சைக்கிள் மிதிப்பதுபோல இரண்டு கால்களையும் காற்றில் உதைப்பாராம். பூட்ஸின் அடியில் ஆணிக்குமிழ்கள் இருக்கும், கிட்ட வர எவனுக்குத் துணிச்சல்?

அப்புறம் ஆக்ரன் ப்ரோஸ் அணியில் ஆடினார். 1920இல் தொழில்முறை லீக் தொடங்கிய முதல் வருடமே, ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் கோப்பையை வாங்கியது இந்த அணி. ஆனால் மற்ற வீரர்களோடு உடை மாற்ற அவருக்கு அனுமதி இல்லை. அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1921இல் எல்ஜி டோபினோடு சேர்ந்து அதே அணிக்குப் பயிற்சியாளர். ஆடிக்கொண்டே பயிற்சியும்! அவரோடு அந்த சீசனில் ஆடியவர்களில் ஒருவர், பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற பால் ராப்சன்.

1926க்குப் பிறகு அந்த லீக்கில் அவர் ஆடவில்லை. 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரரும் லீக்கில் இல்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது, ஆனால் யாரும் சேர்க்கவில்லை. பொல்லார்ட் சும்மா இருக்கவில்லை: முப்பதுகளில் நியூயார்க்கின் ஹார்லெமில் பிரவுன் பாம்பர்ஸ் என்ற கறுப்பின அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். மகன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வென்றார்.

லீக்கில் பொல்லார்டுக்கு அடுத்து வந்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல். ஆண்டு 1989. இடைவெளியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பொல்லார்ட் 92 வயது வரை வாழ்ந்தும் அதைப் பார்க்கவில்லை, 1986இலேயே போய்விட்டார். தொழில்முறை கால்பந்தின் புகழரங்கில் அவர் பெயரைச் சேர்த்தது 2005இல்.