பேரிஜம் ஏரி அரசு நிலத்தில்தானே இருக்கிறது? பொதுமக்களை ஏன் இஷ்டப்படி விடுவதில்லை?

கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. கொடைக்கானல் நட்சத்திர ஏரியில் யார் வேண்டுமானாலும் படகு ஓட்டலாம், பேரிஜத்துக்கு மட்டும் எதற்குப் பாஸ், அந்தப் பாஸும் ஏன் திடீர் திடீரென்று ரத்தாகிறது என்பது ஒன்று. நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் நம்மையே வழிமறிக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாவதில் எனக்கும் வனத்துறையோடு கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

நட்சத்திர ஏரி 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் முயற்சியில் வெட்டிய ஏரி. ஊருக்கு நடுவில் இருக்கிறது, சுற்றிலும் விடுதிகள், கடைகள். பேரிஜம் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, காப்புக்காட்டுக்குள்ளே இருக்கிறது. 2013-ல் அந்தக் காடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்று ஆகிவிட்டால் 1972-ம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்து உட்கார்ந்துவிடும். அதன் 27-வது பிரிவுப்படி பணியில் உள்ள அரசு ஊழியர், உள்ளே சொத்துரிமை உள்ளவர், பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவர் என்று ஒரு சிலரைத் தவிர மற்ற எல்லாரும் அனுமதியோடுதான் நுழைய முடியும். அடுத்த பிரிவு எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று வரிசைப்படுத்துகிறது. ஆராய்ச்சி, புகைப்படம் எடுப்பது இவற்றோடு சுற்றுலாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆக, சட்டம் உங்களுக்குக் கதவைச் சாத்தவில்லை. கேட்டுவிட்டு வா என்கிறது, அவ்வளவுதான்.

குளிக்கவும் படகு விடவும் ஏன் கூடாது என்பதற்குச் சரணாலயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தின் குடிநீருக்கு இந்த ஏரியும் ஓர் ஆதாரம். நாம் மேலே துணி அவிழ்த்துப் போட்டு இறங்கினால் கீழே ஓர் ஊர் அதைக் குடிக்க வேண்டியிருக்கும். நட்சத்திர ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகாரும், களை மண்டுவதும், அதை அள்ளுவதும் ஓய்ந்தபாடில்லை. ‘அதைப்போல இதையும் திறந்துவிடுங்கள்’ என்று கேட்பவர்கள் ஒருமுறை அந்த ஏரிக்கரையைச் சுற்றி மூக்கைப் பிடிக்காமல் நடந்து பார்க்கலாம்.

பேரிஜத்தின் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஊர் ஏரிக்கரை மாதிரி கெட்டியான கரை இல்லை. கோரை முளைத்த சதுப்பு. கால் வைத்தால் செருப்போடு உள்ளே போகும். மழை விட்ட காலையில் அந்தச் சேற்றில் காட்டுமாட்டுக் குளம்படிகள் கிண்ணம் கிண்ணமாகப் பதிந்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். பக்கத்திலேயே கோரைத் தூருக்குள் சிக்கிய சிப்ஸ் பாக்கெட்டையும் பார்க்கலாம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்டுத்தான் அனுப்புகிறார்கள். அப்படியும் இந்த லட்சணம். கேட்காமல் அனுப்பினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திடீர் ரத்துக்குப் பெரும்பாலும் யானைதான் காரணம். கூட்டம் ஏரிப்பக்கம் இறங்கிவிட்டால் அது தானாக நகரும்வரை வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சில சமயம் ஒரே நாளில் திறக்கும், சில சமயம் நாள்கணக்கில் இழுக்கும். அந்தச் சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம். முன்னால் யானை, பின்னால் வரிசையாக டாக்ஸி என்றால் ரிவர்ஸ் எடுக்கக்கூட இடம் கிடைக்காது. அங்கே போய் ‘நான் டிக்கெட் வாங்கியிருக்கிறேன்’ என்று யாரிடம் சொல்வது?

இப்போது மக்கள் சொத்து என்ற வாதம். உணர்ச்சியாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்கு வனநிலத்தைக் குத்தகைக்கு விட்ட விவகாரத்தில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு (எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத்) ஆறு, காடு போன்றவற்றுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்று சொன்னது. கோயில் சொத்துக்கு அறங்காவலர் இருக்கிறார் என்பதற்காகப் பக்தர்கள் ஆளுக்கொரு விளக்கை வீட்டுக்குக் கொண்டு போவதில்லையே. அதே சமயம் அறங்காவலர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். என் மனத்தாங்கல் இங்கேதான்.

கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. இன்னும் கடுமையாக்கினால்கூட எதிர்க்க மாட்டேன். ஆனால் எதற்காக, எத்தனை நாளைக்கு என்று வருகிறவனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ குடும்பத்தோடு வருகிறவர், ஏரி மூடியிருப்பதை டாக்ஸி டிரைவர் சொல்லித் தெரிந்துகொள்வது நல்ல ஏற்பாடு இல்லை. தினமும் காலையில் இணையத்தில் ஒரு வரி, சாவடியில் காரணத்தோடு ஒரு பலகை, இதற்கு என்ன பெரிய செலவு?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. பிறகு 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை வைத்து ஆன்லைன் முன்பதிவு தொடங்கினார்கள். கூடவே உள்ளூர் ஆட்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறது. ஏரிக்கும் அதே முறையை வைத்து, தனியார் கார்களை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியிலேயே கூட்டிப் போனால் சாலையில் நெரிசலும் குறையும், மூடினால் பணம் திரும்ப வந்துவிடும் என்ற நிம்மதியும் இருக்கும். இது என் ஆசை. அதிகாரிகளுக்கு இதில் வேறு சிக்கல்கள் இருக்கலாம், ஆட்பற்றாக்குறை உட்பட.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ் வேறு, பேரிஜத்துக்கான வனத்துறை அனுமதி வேறு. முதலாவது கொடைக்கானலுக்கு வண்டியில் வர, இரண்டாவது காட்டுக்குள் நுழைய. நிறையப் பேர் இ-பாஸைக் காட்டிவிட்டுச் சாவடியில் வாக்குவாதம் செய்கிறார்கள், வீண் வேலை. முந்தின நாளே கொடைக்கானலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். பயணத்திட்டத்தில் பேரிஜத்தை மட்டும் நம்பி ஒரு முழு நாளை ஒதுக்காதீர்கள்.

தண்ணீரில் மிதந்தே ஆக வேண்டும் என்பவர்கள் கொடைக்கானல் மலையிலேயே இருக்கும் மன்னவனூர் பக்கம் போகலாம். அங்கே வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் பரிசல் விடுகிறார்கள். புல்வெளியும் பெரியது, பிள்ளைகள் ஓடியாட வசதி. பேரிஜம் மூடியிருந்த நாளில் அங்கே போனவர்கள் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை.