சாட்ஸ்வொர்த் வீட்டில் இடித்த சுவர்: குப்பைக் கிடங்குக்கு எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சமையலறைச் சுவர் ஒன்றை இடித்தாயிற்று. உடைசலோடு பழைய பிரிட்ஜ், சோபா, கூரைத் தகடும் கிடக்கின்றன. அரை டன் ஏற்றும் பக்கியில் (பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டி) ஒரே நடையில் முடியுமா?

பதில்: முடியாது. 3 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரமுள்ள ஒற்றைச் செங்கல் சுவர் பூச்சோடு சேர்த்து 2 டன்னை நெருங்கும். 65 லிட்டர் தள்ளுவண்டி நிறைய உடைசல் ஏறத்தாழ 85 கிலோ. அப்படி ஆறு வண்டி கொட்டினாலே அரை டன் ஆகிவிடும், பக்கித் தொட்டியோ பாதிகூட நிறைந்திருக்காது. இடம் இருக்கிறதே என்று மேலும் கொட்டுவதால்தான் பின் ஸ்பிரிங் உட்காருகிறது, ஸ்டியரிங் லேசாகிறது. நான்கு நடை என்று கணக்குப் போடுங்கள். பாரத்தைக் கேபின் பக்கம் ஒட்டி ஏற்றி, தார்பாய் கட்டுங்கள்.

ஏற்றும் முன்பே பிரித்துவிடுங்கள். கிடங்கு வாசல் எடைமேடையில் போகும்போது ஒரு முறை, காலியாகத் திரும்பும்போது ஒரு முறை நிறுப்பார்கள். சுத்தமான செங்கல், கான்கிரீட் உடைசல் கிடங்குக்குள் பாதை போடவும் குப்பையை மூடவும் உதவும் என்பதால் பொதுவாக அதற்குக் கட்டணம் குறைவு. அதே குவியலில் மரம், பிளாஸ்டிக், ஜிப்சம் பலகை கலந்தால் முழுவதும் பொதுக் குப்பை விலைக்குப் போய்விடும். மழையில் நனைந்த உடைசலென்றால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. இரவே மூடி வையுங்கள்.

கூரைத் தகடுதான் சிக்கல். சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகளில் அது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். தென்னாப்பிரிக்காவில் 2008-இல் தடை செய்யப்பட்டது. அபாயக் கழிவு என்பதால் சாதாரணக் கிடங்கில் வாங்க மாட்டார்கள். ஒரு துண்டு தென்பட்டாலும் மொத்த லோடையும் திருப்பி அனுப்பக்கூடும். உடைக்காதீர்கள், பெருக்காதீர்கள். ஈரப்படுத்தி மூடிவிட்டு, பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.

பிரிட்ஜும் கிடங்குக்குப் போகாது: மின் சாதனக் கழிவை நிலத்தில் புதைக்க 2021 ஆகஸ்டிலிருந்து தடை. மின்கழிவு எடுப்பவரிடம் முழுசாகக் கொடுங்கள். செம்புக்காகக் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். சோபாவை வாங்குவார்கள்.

நகராட்சிக் கிடங்குகளில் தெற்கே லோவு, வடக்கே வெருலம் பக்கம் பஃபல்ஸ்ட்ராய். எதை எப்போது எடுக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும், போன் செய்துவிட்டே ஏற்றுங்கள். கொட்டும் இடத்தில் ஆணி ஏராளம்: தடித்த அடியுள்ள பூட்ஸ் போடுங்கள், ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.